பழைய காருக்கு எந்தக் கார்புரேட்டர்?

1930-ஆம் ஆண்டில் செய்த ஒரு ஃபோர்டு கார் உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வர்ணம் மங்கியிருக்கிறது, ஆனால் எஞ்சின் கெட்டுப்போகவில்லை. ஸ்டார்ட்டரை மிதித்தால் கிளம்புகிறது. சிறிது நேரத்தில் இருமி இருமி நின்றுவிடுகிறது. மேட்டில் ஏறினால் கரும்புகை கக்குகிறது. பார்க்க வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்கள். “பழைய கார்புரேட்டரைக் கழற்றிப் போடுங்கள். பின்னால் வந்த கார் ஒன்றின் கார்புரேட்டரை, கொஞ்சம் பெரியதாகவே பார்த்துப் பூட்டுங்கள். வண்டி பறக்கும்!” என்கிறார் ஒருவர்.

நீங்கள் என்ன செய்வீர்கள்?

அவசரப்பட வேண்டாம். இந்த யோசனையைக் கேட்டு நடந்தால் வண்டி பறக்காது, மேட்டில் திணறும். அது மட்டுமல்ல, எஞ்சினே பாழாகவும் கூடும். ஏன் என்று தெரிந்துகொள்ளக் கார்புரேட்டரின் வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்க வேண்டும்.

ஒரு லிட்டருக்கு ஓர் அறைக் காற்று

பெட்ரோல் தானாக எரிவதில்லை. அது எரியக் காற்று வேண்டும். 1 கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. இதைப் பருமனில் சொன்னால் வியப்பாக இருக்கும். 1 லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 740 கிராம். அதற்கு வேண்டிய காற்று கிட்டத்தட்ட 11 கிலோகிராம். அதாவது சுமார் 9,000 லிட்டர்! 3 மீட்டர் நீளம், 1.5 மீட்டர் அகலம், 2 மீட்டர் உயரமுள்ள ஒரு சிறு அறையின் காற்று முழுவதும் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கே சரியாகப் போய்விடும்.

காற்று குறைந்து பெட்ரோல் மிகுந்தால் கரும்புகை வரும். எரியாத பெட்ரோல் சிலிண்டரின் சுவரில் படிந்துள்ள எண்ணெயைக் கழுவிவிடும். பிஸ்டன் வளையங்கள் தேயும். பெட்ரோல் குறைந்து காற்று மிகுந்தாலோ, எஞ்சின் வலுவிழந்து சூடேறும். கலவை மெதுவாக எரிவதால் வால்வுகள் கருகும். ஆகவே மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும், மேட்டிலும் பள்ளத்திலும், இந்தக் கலவை விகிதம் பெரிதும் மாறாமல் இருக்க வேண்டும். இதுதான் கார்புரேட்டரின் வேலை. சொல்வதற்கு எளிது, செய்து காட்டப் பல ஆண்டுகள் ஆயின.

தொப்பி ஊசியும் தூவும் குழாயும்

ஜெர்மனியைச் சேர்ந்த கார்ல் பென்ஸ் 1886-இல் தம் மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை பெற்றார். அதில் இருந்தது மிக எளிய அமைப்பு. ஒரு கலத்தில் எரிபொருள்; அதன் மேற்பரப்பை ஒட்டிக் காற்று செல்லும்; போகிற போக்கில் ஆவியை அள்ளிக்கொண்டு எஞ்சினுக்குள் நுழையும். 1888 ஆகஸ்டில் அவர் மனைவி பெர்த்தா பென்ஸ், தம் மகன்கள் இருவருடன் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை சுமார் 106 கிலோமீட்டர் இந்த வண்டியை ஓட்டிச் சென்றார். வழியில் வீஸ்லாக் என்ற ஊரின் மருந்துக்கடையில்தான் எரிபொருள் வாங்கினார். எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தம் தொப்பி ஊசியால் அடைப்பை நீக்கினார். பழைய கார் வைத்திருப்பவர்களை இன்றும் வாட்டும் தொல்லை அது!

ஆனால் இந்த முறையில் ஒரு குறை உண்டு. எரிபொருளில் எளிதில் ஆவியாகும் பகுதி முதலில் போய்விடும். கனமான பகுதி அடியில் தங்கிவிடும். சாலைக் குலுக்கலில் ஆவியின் அளவும் மாறும். கலவை விகிதம் எப்படி நிலையாக இருக்கும்?

இதற்கு மாற்று 1893-ஆம் ஆண்டில் வந்தது. ஜெர்மனியில் வில்ஹெல்ம் மேபாக்கும், புடாபெஸ்ட் நகரில் டோனாட் பாங்கி, யானோஷ் சோன்கா ஆகிய இருவரும் ஏறத்தாழ ஒரே சமயத்தில், பெட்ரோலை ஒரு நுண்குழாயின் வழியே காற்றில் தூவும் முறையைக் கண்டார்கள். பூக்காரப் பெண் ஒருத்தி பூக்களின்மேல் நீர் தூவுவதைப் பார்த்ததும் அந்தப் புடாபெஸ்ட் நண்பர்களுக்கு இந்த யோசனை பிறந்ததாக ஒரு கதையும் வழங்குகிறது.

இதன் அடிப்படைத் தத்துவம் பெளதிக மாணவர்கள் அறிந்ததே. ஓடும் பாய்மத்தின் வேகம் கூடினால் அழுத்தம் குறையும் என்பது 1738-இல் டேனியல் பெர்னூலி வெளியிட்ட நூலிலிருந்து வந்த உண்மை. இடுப்பு குறுகிய குழாயில் இந்த விளைவை ஆராய்ந்து 1797-இல் எழுதியவர் இத்தாலியரான வெஞ்சுரி. கார்புரேட்டரின் குறுகிய தொண்டைக்கு இன்றும் அவர் பெயர்தான். எஞ்சின் இழுக்கும் காற்று வெஞ்சுரியில் விரைகிறது. அங்கே அழுத்தம் குறைகிறது. பக்கத்து மிதவைக் கிண்ணத்திலிருந்து பெட்ரோல் ‘ஜெட்’ எனப்படும் நுண்துளை வழியாக மேலேறிச் சிதறுகிறது. கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் உயர்ந்தால் மிதவையும் உயர்ந்து ஓர் ஊசியை அழுத்தி வழியை அடைக்கும். மட்டம் இறங்கினால் திறக்கும்.

ஒற்றை ஜெட்டின் சண்டித்தனம்

இத்துடன் சிக்கல் தீர்ந்ததா? இல்லை. ஒற்றை ஜெட் ஒரு சண்டி மாடு. காற்று மெல்ல ஓடும்போது, பெட்ரோலைக் கிண்ணத்து மட்டத்திலிருந்து ஜெட்டின் நுனிவரை தூக்கவே உறிஞ்சுவிசை போதாது, கலவை நீர்த்துப்போகும். காற்று விரைந்தாலோ பெட்ரோல் அளவுக்கு மீறிக் கொட்டும். காற்று விரியும் பொருள். அழுத்தம் குறையக் குறைய அதன் அடர்த்தியும் குறைகிறது. பெட்ரோல் அப்படியல்ல. எனவே வேகம் கூடக் கூடக் கலவை செறிந்துகொண்டே போகும்.

இதை அடக்க இரண்டு அழகிய வழிகள் பிறந்தன.

பிரான்சைச் சேர்ந்த பிரான்சுவா பாவெரே, இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டுக்குள் இரட்டை ஜெட் முறையை அமைத்தார். ஒன்று பழைய ஜெட்டே. மற்றொன்று, காற்றுக்குத் திறந்த ஒரு சிறு கிணற்றுக்குள் பெட்ரோலை விடுகிறது. இந்த இரண்டாம் ஜெட்டின் மேல் எஞ்சினின் உறிஞ்சுவிசை படுவதில்லை. கிண்ணத்தில் நிற்கும் பெட்ரோலின் உயரம் மட்டுமே அதைத் தள்ளுகிறது. ஆகவே எஞ்சின் மெதுவாக ஓடினாலும் வேகமாக ஓடினாலும் நிமிடத்துக்கு அதே அளவு பெட்ரோல்தான் அதன் வழியே வரும். காற்று கூடக் கூட இதன் பங்கு நீர்த்துப்போகும். முதல் ஜெட் வேகத்தில் செறிகிறது. இரண்டாம் ஜெட் வேகத்தில் நீர்க்கிறது. இரண்டையும் கூட்டினால் கலவை ஏறத்தாழ நிலையாக நிற்கிறது! லியோன் நகரத்தில் உருவான இந்தக் கார்புரேட்டருக்கு வைத்த பெயர் ‘ஜெனித்’.

மற்றொரு வழி இங்கிலாந்தில் தோன்றியது. காலணி வணிகக் குடும்பத்தில் பிறந்த ஜார்ஜ் ஹெர்பெர்ட் ஸ்கின்னர், துளையை மாற்றாமல் தொண்டையையே மாற்றினார். காற்று கூடும்போது தொண்டை அகலும், குறையும்போது சுருங்கும். எனவே காற்றின் வேகம் பெரிதும் மாறாது. தொண்டையோடு சேர்ந்து உயரும் கூம்பு வடிவ ஊசி ஒன்று, பெட்ரோல் துளையையும் அதே அளவில் திறக்கும். காலணிக் குடும்பம் அல்லவா? முதலில் செய்த கார்புரேட்டரில் தொண்டையை ஏற்றி இறக்கியது ஒரு தோல் துருத்தி! பின்னர் உலோகப் பிஸ்டன் அந்த இடத்தைப் பிடித்தது. ‘ஸ்கின்னர் யூனியன்’ என்பதன் சுருக்கமான எஸ்.யூ. என்ற பெயரில் மாரிஸ் மைனர் முதலிய எத்தனையோ பிரிட்டிஷ் கார்களில் இது இடம்பெற்றது.

இனி உங்கள் ஃபோர்டுக்கு வருவோம்

அந்தக் கார் ‘மாடல் ஏ’. 1927 டிசம்பரில் அறிமுகமாகி, 1931 வரை ஏறத்தாழ 48 லட்சம் வண்டிகள் வெளிவந்தன. நான்கு சிலிண்டர், 3.3 லிட்டர் கொள்ளளவு. நிமிடத்துக்கு 2,200 சுற்றில் 40 குதிரைத்திறன். பாவெரே வகுத்த இரட்டை ஜெட் தத்துவப்படி அமைந்த ஜெனித் கார்புரேட்டரே இதில் பூட்டப்பட்டது. அது வார்ப்பிரும்பால் ஆனது. எஞ்சினின் பக்கத்தில் தாழ்வாக இருக்கும். கலவை கீழிருந்து மேல்நோக்கி எஞ்சினுக்குள் ஏறும்.

இந்தக் காரில் பெட்ரோல் பம்பு கிடையாது. முன்கண்ணாடிக்குச் சற்று முன்னால் உயரத்தில் பெட்ரோல் டாங்கி. அங்கிருந்து புவியீர்ப்பால் பெட்ரோல் இறங்கி வருகிறது. இதற்கு முந்திய ‘மாடல் டி’யில் டாங்கி இருக்கைக்கு அடியில் இருந்தது. செங்குத்தான மேட்டில் பெட்ரோல் எஞ்சினுக்கு எட்டாமல் போகும் என்று, ஓட்டுநர்கள் வண்டியைத் திருப்பிப் பின்புறமாகவே மேடேற்றினார்கள்! டாங்கி உயரத்துக்கு வந்ததும் அந்தத் தொல்லை நீங்கியது.

இப்போது மாற்றுக் கார்புரேட்டரைத் தேர்ந்தெடுக்க உட்காருவோம். ஐந்து கேள்விகளை வரிசையாகக் கேளுங்கள்.

முதல் கேள்வி: குற்றவாளி கார்புரேட்டர்தானா?

டாங்கியின் துரு குழாயை அடைத்திருக்கலாம். பெர்த்தா பென்ஸுக்கு நேர்ந்ததை மறக்க வேண்டாம். கார்புரேட்டருக்கும் எஞ்சினுக்கும் இடையில் காற்று கசியலாம். தீப்பொறி காலம் தவறி விழலாம். மிதவையில் பொத்தல் விழுந்து, பெட்ரோல் புகுந்து கனத்துப்போயிருக்கலாம். மேட்டில் கரும்புகை வருவதற்கு இது போதும். ஜெட்டுகளையும் பாருங்கள். முன்பு யாரோ இரும்புக் கம்பியால் குத்திச் சுத்தம் செய்திருந்தால் துளை பெருத்திருக்கும். துளையின் விட்டம் 10 விழுக்காடு கூடினால் பரப்பு 21 விழுக்காடு கூடும். பெட்ரோலும் ஏறத்தாழ அந்த அளவு கூடும். கண்ணுக்குத் தெரியாத தேய்மானம் கலவையைக் கெடுத்துவிடும். இதைச் சோதிக்க ஒரு வழி உண்டு: ஜெட்டின் மேல் குறிப்பிட்ட உயரத்துக்கு நீரை நிறுத்தி, ஒரு நிமிடத்தில் எத்தனை மில்லிலிட்டர் வடிகிறது என்று அளந்து, புது ஜெட்டோடு ஒப்பிடுங்கள். நீர்தான், பெட்ரோலால் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது.

இரண்டாம் கேள்வி: எஞ்சினுக்கு எவ்வளவு காற்று வேண்டும்?

நான்கு வீச்சு எஞ்சின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் தன் கொள்ளளவுக்குக் காற்றை இழுக்கிறது. 3.3 லிட்டரை 1,100-ஆல் பெருக்கினால் நிமிடத்துக்கு சுமார் 3,600 லிட்டர். சிலிண்டர் முழுமையாக நிரம்புவதில்லை. முக்கால் பங்கு என்று கொண்டால் 2,700 லிட்டர், அதாவது விநாடிக்கு 45 லிட்டர்.

கணக்குக்காக இரண்டு தொண்டைகளை எடுத்துக்கொள்வோம்: ஒன்று 2.5 சென்டிமீட்டர் விட்டம், மற்றொன்று 5 சென்டிமீட்டர். சிறிய தொண்டையில் காற்று விநாடிக்கு 92 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. அதன் உறிஞ்சுவிசை பெட்ரோலை 70 சென்டிமீட்டர் உயரம் தூக்கவல்லது. பெரிய தொண்டையில் வேகம் 23 மீட்டர்தான். உறிஞ்சுவிசை வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆகவே அது பதினாறில் ஒரு பங்காகி, பெட்ரோலை 4.4 சென்டிமீட்டர்தான் தூக்கும். மேட்டில் எஞ்சின் 1,100 சுற்றுக்கு இறங்கினாலோ 1.1 சென்டிமீட்டர்! ஜெட்டின் நுனிக்குப் பெட்ரோல் ஏறுவதே அரிது. ஏறினாலும் நன்றாகச் சிதறாது.

‘பெரியதாகப் பூட்டுங்கள்’ என்ற யோசனையின் கதி என்ன ஆயிற்று, பார்த்தீர்களா? கார்புரேட்டர் எஞ்சினுக்குள் காற்றைத் திணிப்பதில்லை. எஞ்சின் இழுக்கும் காற்றை அளக்கிறது, அவ்வளவே.

மூன்றாம் கேள்வி: பெட்ரோல் எந்த அழுத்தத்தில் வருகிறது?

டாங்கியின் பெட்ரோல் மட்டம் கார்புரேட்டருக்கு அரை மீட்டர் மேலே இருப்பதாகக் கொள்வோம். 50 சென்டிமீட்டர் உயரப் பெட்ரோல் தரும் அழுத்தம், ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 37 கிராம். பின்னாளைய கார்களின் பம்புகளோ 300 கிராம் அளவுக்குத் தள்ளுபவை; கிட்டத்தட்ட எட்டு மடங்கு. பம்புக்கென்று செய்த கார்புரேட்டரில் ஊசி அடைக்கும் துளை சிறியதாக இருக்கும். புவியீர்ப்பின் மெல்லிய தள்ளலில் அந்தத் துளை வழியே போதிய பெட்ரோல் வராது. நீண்ட மேட்டில் கிண்ணம் வறண்டு எஞ்சின் நின்றுவிடும். சரி, பம்பு ஒன்றையும் சேர்ப்போம் என்று பழைய கார்புரேட்டருடன் அதை இணைத்தால், மிதவையால் அந்த அழுத்தத்தைத் தாங்க முடியாது. பெட்ரோல் பொங்கி வழியும். சூடான எஞ்சின் அருகில் பெட்ரோல் வழிவது என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை.

நான்காம் கேள்வி: கலவை மேலே ஏறுகிறதா, கீழே இறங்குகிறதா?

மேலேறும் வகையில் காற்று விரைந்து ஓடினால்தான் பெட்ரோல் துளிகளைச் சுமந்து ஏற முடியும். எனவே தொண்டை குறுகலாக இருந்தாக வேண்டும். அதனால் எஞ்சினின் உச்சத்திறன் சற்றுக் குறையும். 1930-களில் கார்புரேட்டர் எஞ்சினின் தலைக்கு மேலே ஏறி, கலவை கீழிறங்கும் முறை பரவியதற்கு இது ஒரு காரணம். இன்று சிலர் ‘மாடல் ஏ’யிலும் இப்படிப்பட்ட கார்புரேட்டரை, அதற்கேற்ற இணைப்புக் குழாயோடு பூட்டுகிறார்கள். வேகம் சற்றுக் கூடுவது உண்மைதான்.

ஆனால் ஊசியில் ஒரு தூசி சிக்கி, இரவு முழுவதும் பெட்ரோல் கசிகிறது என்று எண்ணிப் பாருங்கள். மேலேறும் கார்புரேட்டரில் அது தரையில் சொட்டும். மணம் உங்களை எச்சரிக்கும். கீழிறங்கும் கார்புரேட்டரிலோ அது சத்தமின்றி எஞ்சினுக்குள் இறங்கும். சிலிண்டரைக் கடந்து அடியிலுள்ள எண்ணெயில் கலக்கும். நீர்த்த எண்ணெயுடன் காலையில் எஞ்சினை ஓட்டினால் பேரிங்குகள் கதி அதோகதிதான். டாங்கி உயரத்தில் இருக்கும் காரில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. எந்தக் கார்புரேட்டராக இருந்தாலும், வண்டியை நிறுத்தியதும் டாங்கியின் திருகுகுழாயை மூடிவிடுங்கள். அந்த நாளைய ஓட்டுநர்கள் கடைப்பிடித்த நல்ல வழக்கம் இது.

ஐந்தாம் கேள்வி: இன்றைய எரிபொருள் எது?

1930-இல் இல்லாத ஒரு சிக்கல் இது. அமெரிக்காவில் பெரும்பாலான பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலந்திருக்கிறது. நம் நாட்டில் 2025-இல் இந்த அளவு 20 விழுக்காட்டை எட்டியது. எத்தனால் மூலக்கூறில் ஆக்சிஜன் ஏற்கனவே இருப்பதால் அதற்குக் காற்று குறைவாகப் போதும். 1 கிராமுக்கு 9 கிராம். 20 விழுக்காடு கலந்த எரிபொருளுக்கு வேண்டிய விகிதம் 14.7 அல்ல, சுமார் 13.5. பழைய ஜெட்டுகளோடு ஓட்டினால் கலவை நீர்த்துப்போகும். பொருள்களுக்கும் கேடு உண்டு. ‘மாடல் டி’யின் பல கார்புரேட்டர்களில் அரக்குப் பூசிய கார்க்கு மிதவைகள் இருந்தன. அரக்கு ஆல்கஹாலில் கரையும் என்பது மர வேலை செய்பவர்கள் அறிந்த செய்தி. பழைய ரப்பர் வளையங்களும் உப்பிக் கெடும். எனவே வாங்கும் கார்புரேட்டரின் மிதவை, ஊசி முனை, அடைப்பு வளையங்கள் எல்லாம் எத்தனாலைத் தாங்குபவையா என்று கேட்டு வாங்குங்கள்.

முடிவு என்ன?

ஐந்து விடைகளையும் சேர்த்துப் பார்த்தால், ஊரைச் சுற்றி வரும் ஒரு ‘மாடல் ஏ’க்கு ஏற்றது பெரும்பாலும் அதன் பழைய ஜெனித்தே. ஜெட்டுகளை அளந்து மாற்றி, புது மிதவையும் ஊசியும் இட்டுச் செப்பனிட்டால் போதும். உடல் வெடித்துப் போயிருந்தால், அதே வடிவில் இன்று புதிதாகச் செய்யப்படுவதை வாங்கலாம். மேலேறும் வகையையே சேர்ந்த, எளிய அமைப்புள்ள டில்லட்சன் எக்ஸ் கார்புரேட்டரைப் பூட்டி நிறைவுடன் ஓட்டியவர்களும் பலர். நீண்ட பயணத்துக்கு வேகம் வேண்டும், கீழிறங்கும் வகைதான் வேண்டும் என்றால், இணைப்புக் குழாய், பெட்ரோல் அழுத்தம், ஊசித் துளை மூன்றையும் சேர்த்தே திட்டமிடுங்கள். கழற்றிய பழையதை எறிந்துவிடாதீர்கள். எண்ணெய் தடவிப் பத்திரப்படுத்துங்கள். நாளை மனம் மாறலாம். வண்டி அடுத்த தலைமுறையிடம் போகலாம்.

கார்புரேட்டரின் காலம் முடிந்துவிட்டது. 1967-இல் வோக்ஸ்வாகன் கார்களில் மின்னணு முறையில் பெட்ரோலைப் பீச்சும் அமைப்பு வந்தது. 1976-இல் வோல்வோ கார்களில் புகைக்குழாயின் ஆக்சிஜனை அளக்கும் உணர்கருவி வந்தது. கலவையை நொடிக்கு நொடி திருத்தும் அந்தக் கருவிகளோடு வெறும் துளைகளும் ஊசிகளும் போட்டியிட முடியவில்லை.

ஆனால் ‘மாடல் ஏ’யிலும் கலவையைத் திருத்தும் ஒரு கருவி உண்டு. ஓட்டுநரின் வலப்புறம், கைக்கெட்டும் தூரத்தில் ஒரு குமிழ். இழுத்தால் காற்றை அடைக்கும். திருகினால் பெட்ரோலைக் கூட்டும், குறைக்கும். குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பும்போது ஒரு சுற்றுத் திறந்து, சூடேறியதும் கால் சுற்றுக்குக் குறைப்பார்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலுக்கும் அந்தக் குமிழையே இன்னும் சிறிது திறந்து வைத்து ஓட்டலாம். உணர்கருவி இல்லாத அந்தக் காரில், எஞ்சினின் ஒலியைக் கேட்டு எவ்வளவு திருகுவது என்று தீர்மானிப்பது உங்கள் காதுதான். அந்தக் குமிழ் இல்லாத கார்புரேட்டரை வாங்குமுன் அதையும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.